கேம்புக்குப் போகும்வரை இந்த ஆகஸ்ட் லீவை எப்படிக் கழிப்பது?

கல்லடிப் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 15 வயது, பத்தாம் ஆண்டு. வீடு மட்டக்களப்பில் கல்லடியில், கடற்கரைக்கு நடந்தே போகலாம். இரண்டாம் தவணை முடிந்து லீவு விட்டாயிற்று. லீவின் கடைசியில் எங்கள் சாரணியர் குழு நுவரெலியாவுக்குப் பாசறைக்குப் போகிறது, அதில் என் பெயரும் இருக்கிறது. அம்மா கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டா. நான் இதுவரை வெளியில் படுத்தது என்றால் செங்கலடியில் மாமி வீட்டில் மட்டும்தான், அதுவும் பக்கத்தில் அம்மா இருந்தா.

நான் கேட்க வந்தது கேம்புக்கு முன்னால் கிடக்கிற இந்த நாட்களைப் பற்றி. எல்லா நாளும் ஒரே மாதிரிப் போகிறது. காலையில் அம்மா முற்றத்து மணலைக் கூட்டுகிற சத்தத்தில் முழிப்பு வரும், ஆனால் எழும்ப மனம் வராது. எழும்பி வரும்போது பாண் ஓட்டோ போயிருக்கும், மீன்காரரும் போயிருப்பார், அம்மா மீனைக் கழுவிச் சட்டியில் போட்டிருப்பா. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மாமரத்துக்குக் கீழே இருந்தால் ஒன்பது மணிக்கே வெயில் சுடத் தொடங்கிவிடும். மத்தியானம் சோறு தின்ற பிறகு கச்சான் காற்று எழும்பும். ஜன்னல் கதவெல்லாம் அடித்துக்கொள்ளும், மணல் பறந்து வந்து கட்டில் விரிப்பில் படியும், பல்லுக்கிடையில்கூட நறநறக்கும். அந்த நேரம் வெளியில் போகவும் ஏலாது, படிக்கவும் ஏலாது, ஃபோனைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் நாலு மணி ஆகிவிடும். பின்னேரம் தம்பி பட்டம் விடக் கடற்கரைக்குப் போவான், நானும் லீவுக்கு வந்து நிற்கிற மாமியின் மகளும் கூடப் போவோம். கடலில் இறங்க அம்மம்மா விடமாட்டா. 2004 சுனாமிக்குப் பிறகு அவ கடலுக்குப் பக்கத்தில் போவதே இல்லை, அதைப் பற்றி நாங்கள் அவவோடு வாதாடுவதும் இல்லை. கரையில் இருந்து கச்சான் கடலை வாங்கித் தின்றுவிட்டு இருட்டுப்பட வீட்டுக்கு வந்துவிடுவோம்.

இடைக்கிடை நல்ல நாட்களும் வரும். முந்தநாள் அம்மம்மா சந்தையால் வரும்போது பாலைப்பழம் வாங்கி வந்தா, இந்த வருசத்துக்குக் கடைசியாக இருக்கும். சின்னச் சின்ன மஞ்சள் பழம், தேன் மாதிரி இனிப்பு, ஒரு கைப்பிடி தின்றதும் அதன் பால் உதட்டில் ஒட்டி மேலுதடும் கீழுதடும் பிரியாது, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால்தான் விடும். நாங்கள் மூன்று பேரும் வாயைத் திறக்க முடியாமல் சிரித்த சிரிப்பில் அம்மம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு இரவு படுத்திருந்து யோசித்தபோது, இன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லையே என்று இருந்தது.

வீட்டில் ஆளுக்கொரு கதை. அடுத்த வருசம் ஓஎல் பரீட்சை, கணிதத்துக்கு ஒரு டியூசனில் சேர் என்கிறா அம்மா. மலையில் ஏற மூச்சு வேணும், காலையில் எழும்பிக் கடற்கரையில் ஓடு என்கிறார் அப்பா. வெயிலில் திரியாதே மனே, காய்ச்சல் வந்தால் கேம்புக்கு விடமாட்டாங்கள் என்கிறா அம்மம்மா. எல்லாருமே எனக்காகத்தான் சொல்கிறார்கள், ஆனால் எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்ய முடியாது.

கேம்புக்குப் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். போக முன்னம் வீட்டில் இருந்த நாட்களில் நீங்கள் என்ன செய்தீர்கள்? டியூசனா, பயிற்சியா, சும்மா இருப்பதா? இன்னொன்று குளிர். எனக்குத் தெரிந்த குளிர் மார்கழி மழையில் ஃபேனை நிற்பாட்டுகிற குளிர் மட்டும்தான். பயமாக இருக்கிறது என்று வீட்டில் சொன்னால் போகவேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று சொல்லவில்லை, இங்கேதான் சொல்கிறேன்.


திருக்கோவில் அக்கா:

தங்கச்சி, பயமாக இருப்பது நல்லது, அந்தப் பயத்தில்தான் பையை ஒழுங்காக அடுக்குவாய். நான் இப்போது ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன், பள்ளிக்கூடக் காலத்தில் சாரணியராக இருந்தேன், நுவரெலியாவிலும் கூடாரத்தில் படுத்திருக்கிறேன்.

முதலில், ஓடுவது. அப்பாவிடம் மரியாதையாகச் சொல், ஓடத் தேவையில்லை, நடந்தால் போதும். ஆனால் கேம்புக்குப் போடப் போகிற அதே சப்பாத்தைப் போட்டு நட. புதுச் சப்பாத்தை நேரே மலைக்குக் கொண்டுபோன பிள்ளைகள் முதல் நாளே குதிக்கால் பொக்களித்து, மற்றவர்கள் நடக்கப் போகும்போது கூடாரத்தில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். பின்னேரம் தம்பியோடு கடற்கரைக்குப் போகிறாய்தானே, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மேசு போட்டுச் சப்பாத்தோடு போ. மணலில் நடப்பது தார் றோட்டில் நடப்பதைவிடக் காலுக்கு வேலை. அதுவே காணும்.

அப்புறம் பை. இதை நீ அம்மாவிடம் விட்டுவிடாதே, இது முக்கியம். அம்மாமார் அழகாக மடித்து அடுக்குவார்கள், ஆனால் ராத்திரி மழையில், வெளிச்சம் இல்லாமல், பக்கத்தில் மற்றப் பிள்ளைகள் நித்திரை கொள்ளும்போது உன் மேசு எங்கே இருக்கிறது என்று உன் கைக்குத்தான் தெரிய வேண்டும். ஒரு நாளுக்குரிய உடுப்பை உள்ளாடை, மேசு எல்லாம் சேர்த்து ஒன்றாகச் சுருட்டி ஒரு சொப்பிங் பைக்குள் போட்டு முடிச்சுப் போடு. அடுத்த நாளுக்கு இன்னொரு பை. ஒன்று நனைந்தாலும் மற்றது காயும். வெறும் சொப்பிங் பை இரண்டு மூன்று கூட வை, ஈர உடுப்புக்கு. எல்லாம் அடுக்கி முடித்த பிறகு ஒரு இரவு லைட்டை அணைத்துவிட்டு டோர்ச்சை எடு, பல்தூரிகையை எடு, போர்வையை எடு. வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

குளிரைப் பற்றிச் சொல்கிறேன். ஆகஸ்டில் அங்கே இரவில் 12, 13 பாகைக்கு இறங்கும். நமக்கு இங்கே பகலில் 33, 34. குளிர் மேலேயிருந்து வருகிறது என்று நினைத்து எல்லாரும் போர்வையை மேலே போடுவார்கள். நிலத்திலிருந்துதான் கூட ஏறும். பாய்க்குக் கீழே பழைய பேப்பரைத் தடிப்பாக விரி, இரண்டு போர்வை கொண்டுபோனால் ஒன்றைக் கீழே போடு. பகலில் போட்டிருந்த உடுப்பு காய்ந்த மாதிரித் தெரிந்தாலும் வியர்வை ஈரம் இருக்கும், படுக்க முன்னம் உள்ளாடை மேசு வரைக்கும் மாற்று. காதை மூடுகிற தொப்பி ஒன்று. அவ்வளவுதான், நித்திரை வரும். இப்போதே வீட்டில் கட்டிலை விட்டுப் பாயில் படுத்துப் பழகு, முதுகு கேட்கிற கேள்வியெல்லாம் இங்கேயே கேட்டு முடியட்டும்.

இதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லவில்லை. மாதவிடாய்க்கு இன்னும் நாள் இருக்கிறது என்று கணக்குப் பார்த்துவிட்டு வெறும் கையோடு போகாதே. பயணம், குளிர், நித்திரைக் குறைவு எல்லாம் சேர்ந்தால் முந்தியும் வரும். பேட் ஒரு பக்கெற் முழுதாக வை, பழைய பேப்பர் சுற்றுவதற்கு, கறுப்புப் பை போடுவதற்கு. உன் சாரணியத் தலைவியிடம் போன உடனேயே எங்கே கழிவு போடுவது என்று கேள். கேட்க வெட்கப்பட ஒன்றும் இல்லை, அவவும் எதிர்பார்த்துத்தான் இருப்பா.


அக்கரைப்பற்றுப் பொடியன்:

எனக்கு 16, போன வருசம் எங்கட பள்ளிக்கூடச் சாரணர் பாசறைக்குப் போனேன். போக முன்னம் லீவில் நான் விசேசமாக ஒன்றும் செய்யவில்லை. விடிய மாமாவோடு கரைவலை இழுக்கப் போனேன், இந்த மாதங்களில் எங்கட பக்கம் கடல் அமைதி, வலை நல்லாப் போகும். கயிறு இழுத்த கைக்குக் கூடாரக் கயிறு பெரிய வேலையாகத் தெரியவில்லை. பின்னேரம் பட்டம்.

பட்டம் என்றதும் ஒன்று. உங்கட தம்பி பட்டத்துக்கு முச்சை கட்டுவதைப் பக்கத்தில் இருந்து பாருங்க. நூல் மூன்றும் எங்கே சேருது, எந்தப் பக்கம் ஒரு விரல் கூட விட்டால் பட்டம் தலைகீழாகக் குத்தும் என்று அவனுக்குத் தெரியும். நூல் பிடித்துக்கொண்டு நிற்காமல் ஒரு முச்சை நீங்களே கட்டி ஏற்றுங்க. முடிச்சு விரலுக்கு வந்துவிடும். குளோவ் ஹிச், போலைன் என்கிற சாரணர் முடிச்சுகளைப் புத்தகத்தில் பார்த்துப் பழகுகிறதைவிட இது கெதியாக வரும்.

டியூசன் பற்றி எனக்குத் தெரியாது, நான் போகவில்லை.


சாய்ந்தமருது உம்மா:

மகள், நான் மூன்று பிள்ளைகளின் உம்மா, மூத்த மகன் சாரணர் பாசறைகளுக்குப் போய் வந்தவர். நீங்கள் எழுதியதில் எனக்கு மனதில் நின்றது கடைசி வரி, பயத்தை வீட்டில் சொல்லவில்லை என்றது. சொல்லுங்கள் மகள். உங்கட அம்மாவும் பயந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டிருப்பா, அவவும் உங்களிடம் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு இருந்தால் போகிற நாள் காலையில் பஸ்ஸடியில் வைத்துத்தான் எல்லாம் உடையும். மகன் முதல் தடவை போகும்போது எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது, அவர் சப்பாத்து நாடாவைக் கட்டுகிற மாதிரி குனிந்தே இருந்தார், நான் சாப்பாட்டுப் பையை மூன்று தரம் திறந்து மூடினேன். பாசறைகளில் ஃபோனை வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் எப்போது, யாருடைய ஃபோனில் பேசலாம் என்பதை இப்போதே பொறுப்பாசிரியையிடம் கேட்டு அம்மாவிடம் சொல்லி வையுங்கள். ஃபோன் வராத ராத்திரியில் அவ நித்திரை கொள்வா.

டியூசனைப் பற்றி மற்றவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். நான் சொல்கிறேன். லீவுக்கு மட்டும் புதிதாக ஒரு வகுப்பில் சேர்ந்தால், இடையில் கேம்பால் கொஞ்ச நாள் விடுபடும், விடுபட்டதைப் பிடிப்பதற்குள் தவணை தொடங்கிவிடும். காசும் போகும், பிள்ளைக்கு வெறுப்பும் வரும். ஆனால் அம்மாவின் கவலை நியாயமானது, கணிதத்தைத் தொடாமல் லீவை முடிக்க வேண்டாம். காலையில் வெயில் ஏற முன்னம், அம்மா முற்றம் கூட்டுகிற நேரத்தில் எழும்பி, கடந்த கால வினாத்தாளில் ஒரு பகுதியைச் செய்யுங்கள். மாமியின் மகளையும் பக்கத்தில் இருத்துங்கள். செய்ததை அம்மாவின் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். அவ டியூசன் கதையை விட்டுவிடுவா, இன்ஷா அல்லாஹ்.

இனி முக்கியமான விசயம், குசினி. நீங்கள் எழும்பி வரும்போது அம்மா மீனைக் கழுவிச் சட்டியில் போட்டிருப்பா என்று எழுதியிருக்கிறீர்கள். பாசறையில் அணிக்கு அணி சமைக்க வேண்டும், ஆறு ஏழு எட்டுப் பிள்ளைகளுக்கு. வீட்டில் சமைக்கத் தெரிந்த பிள்ளைக்கும் அங்கே கை நடுங்கும், ஏனென்றால் அளவு வேறு. சோற்றுக்கு ஒரு சுண்டு அரிசி பெரிய ஆட்கள் இரண்டு பேருக்கு. மலையில் பிள்ளைகளுக்குப் பசி கூட, அதனால் பெரிய ஆட்களின் கணக்கிலேயே எட்டுப் பேருக்கு நாலு சுண்டு போடுங்கள். வீட்டில் ஒரு நாள் அம்மாவையும் அம்மம்மாவையும் உட்காரச் சொல்லிவிட்டு, எல்லாருக்குமான சோற்றையும் நீங்களே விறகடுப்பில் ஆக்குங்கள். காஸ் அடுப்பில் ஆக்கினால் கணக்கில் இல்லை. தண்ணீர் அரிசி மட்டத்துக்கு இறங்கியதும் கொள்ளியை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் மூடி விடுங்கள், அடிப்பிடிக்காது. இந்த ஒன்றைத் தெரியாமல்தான் பாசறைகளில் அரைவாசிச் சோறு சட்டியிலே தீய்ந்துபோகிறது என்று என் மகன் வந்து சொன்னார்.

திருவலை கொண்டுபோக ஏலாது, அதனால் தேங்காய்ச் சம்பலை மறந்துவிடுங்கள். போகிறதுக்கு முதல் நாள் சீனிச் சம்பல் செய்து போத்தலில் போட்டுக் கொண்டுபோங்கள். எண்ணெய் மேலே நிற்கிற அளவுக்கு நன்றாக வதக்கினால் சில நாளைக்குக் கெடாது, பாணுக்கும் ஆகும் சோற்றுக்கும் ஆகும். வெங்காயத்தை நீங்களே உரியுங்கள். அம்மாவிடம் கேட்டுக் கேட்டுச் செய்யுங்கள், அந்த ஒரு பின்னேரம் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்து கதைப்பதற்கும் ஆகும்.


படுவான்கரை சேர்:

பிள்ளை, நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஆசிரியர், பாடசாலைச் சாரணர் குழுவைப் பார்த்துக்கொள்கிறவன். எல்லாரும் நல்லதையே சொல்லியிருக்கிறார்கள். நான் இரண்டு விசயத்தை மட்டும் சேர்க்கிறேன், அவை உன் கேள்விக்குள்ளேயே இருக்கின்றன.

மத்தியானம் உன் கட்டிலில் மணலைக் கொட்டுகிற கச்சான் காற்று எங்கேயிருந்து வருகிறது என்று யோசித்தாயா? மே தொடங்கிச் செப்டெம்பர் வரைக்கும் வீசுகிற தென்மேற்குப் பருவக்காற்று அது. கடலிலிருந்து ஈரத்தோடு வந்து மத்திய மலைநாட்டில் மோதி, மேலே ஏறி, அந்தப் பக்கத்திலும் உச்சியிலும் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் போன பிறகு நம் பக்கம் சரிந்து இறங்கும்போது சூடாகிவிடுகிறது. அதனால்தான் ஆகஸ்டில் நமக்குப் புல் கருகுகிற வெயில், நுவரெலியாவில் தூறலும் மூடுபனியும். வீட்டில் வெயிலைப் பார்த்துவிட்டு மழைக்கோட்டை வைக்காமல் வருகிற பிள்ளைகள் ஒவ்வொரு பாசறையிலும் இருக்கிறார்கள். நீ கச்சான் அடிக்கிற நேரத்தில் பையை அடுக்கு, காற்று பலமாக அடிக்கிற நாளில் மலையில் மழை என்று நினைத்துக்கொள்.

மழை என்றால் விறகும் ஈரம். நமக்கு இங்கே பொச்சுமட்டையும் சிரட்டையும் காய்ந்த தென்னோலையும் கிடைக்கும், ஒரு நெருப்புக்குச்சி போதும். அங்கே அப்படி இல்லை. வெளியில் ஈரமாக இருக்கிற கொள்ளியைக் கத்தியால் பிளந்தால் உள்ளே காய்ந்திருக்கும், அந்த உட்பகுதியை ஈர்க்கு அளவுக்குச் சீவி முதலில் அதைப் பற்றவைக்க வேண்டும், பிறகு விரல் அளவு, பிறகுதான் பெரிய கொள்ளி. இதைப் பழக உனக்கு வீட்டு வளவே போதும். ஒரு கொள்ளியை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு அடுத்த நாள் அதை எரித்துப் பார், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், காற்று விழுந்த பிறகு செய். கொஞ்சம் பொச்சுத் தும்பையும் நாலு சிரட்டையையும் சொப்பிங் பையில் இறுக்கிக் கட்டிக் கொண்டுபோ. உன் அணியில் முதல் அடுப்பு உன்னுடையதாக இருக்கும்.

உம்மா சொன்ன சோற்றுக் கணக்கில் ஒன்று கூடச் சேர்க்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும், கல்லடியில் 100. கொதிக்கிறது என்று நினைத்து நீ இறக்கினால் அரிசி நடுவில் கல்லாக இருக்கும், பருப்பு அதைவிட மோசம். பருப்பைக் கழுவி ஊறவைத்துவிட்டு மற்ற வேலையைப் பார், சோற்றுக்குக் கொஞ்சம் கூடத் தண்ணீரும் கூட நேரமும் கொடு, மூடியைத் திறந்து திறந்து பார்க்காதே. விஞ்ஞானப் பாடத்தில் படித்ததுதான், ஆனால் பசியோடு நிற்கும்போது அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

பொடியன் சொன்ன முடிச்சுக் கதை எனக்குப் பிடித்தது. அதோடு இதையும் தெரிந்து வை. கூடாரக் கயிறு பருத்தி என்றால் நனைந்தால் இறுகும், படுக்க முன்னம் சற்றுத் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் முளை பிடுங்கிக்கொண்டு வரும். நைலோன் என்றால் நனைந்து தொய்யும், அதை இறுக்க வேண்டும். கூடாரம் போடும்போதே எந்தக் கயிறு என்று கையால் தடவிப் பார்.

நீ எழுதியதில் நான் ஒத்துக்கொள்ளாத இடம் ஒன்று உண்டு. இன்றைக்கு என்ன செய்தேன் என்று சொல்ல ஒன்றும் இல்லை என்கிறாய். பாலைப்பழம் தின்ற கதையை நீ எழுதியிருக்கிற விதத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. இந்த நாட்டில் பெண் சாரணியம் 1917இல் கண்டியில் தொடங்கியது, அன்றிலிருந்து தூரத் தூர ஊர்ப் பிள்ளைகள் ஒரு நெருப்பைச் சுற்றி இருந்து தங்கள் தங்கள் ஊரைச் சொல்வதுதான் பாசறையின் இரவு. மலையகத்துப் பிள்ளை தோட்டத்தைச் சொல்வாள், யாழ்ப்பாணத்துப் பிள்ளை பனையைச் சொல்வாள், நீ மட்டக்களப்பு என்றதும் எல்லாரும் விசாரிக்கப் போவது பாடும் மீனைப் பற்றி, வாவித் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற அந்தச் சத்தத்தைப் பற்றி. நீ கேட்டிருக்கிறாயா? கேட்காவிட்டால் இந்த லீவில் போ. ஏப்ரல் தொடங்கிச் செப்டெம்பர் வரைதான் அதற்குக் காலம், நிலவு நாளில், காற்று அடங்கிய பிறகு, உங்கள் கல்லடிப் பாலத்தடியில் தோணியில் இருந்து துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி மறுமுனையில் காதை வைக்க வேண்டும். அப்பாவோடு போ, தோணிக்காரர் தெரிந்த ஆளாக இருக்கட்டும், நீந்தத் தெரிந்தாலும் பாதுகாப்பு அங்கி போடு. கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்ல ஒரு கதை உன்னிடம் இருக்கும்.


கல்லடிப் பிள்ளை:

எல்லாருக்கும் பெரிய நன்றி. நேற்று இரவு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவ கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு தனக்கும் நித்திரை இல்லை என்று சொன்னா. கணிதம் காலையில் வீட்டிலேயே செய்வதாகப் பேசி முடித்தோம், மாமியின் மகளும் சேர்ந்துகொண்டாள், அவளுக்குத் திரிகோண கணிதம் என்னைவிட நன்றாக வரும். அப்பா ஓடுவதை விட்டுவிட்டு, சரி நட, ஆனால் நானும் கூட வருகிறேன் என்கிறார். சப்பாத்துப் போட்டுக் கடற்கரைக்குப் போனபோது தம்பியின் கூட்டாளிகள் பார்த்தார்கள்தான், நான் பேசாமல் நடந்துவிட்டேன்.

முச்சை கட்டினேன். முதலில் பட்டம் இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி விழுந்தது, தம்பி வந்து கீழ் நூலைக் கொஞ்சம் குறைத்தான், அப்புறம் எழும்பி நின்றுவிட்டது. பின்னேரம் முழுக்க அதை இறக்க எனக்கு மனம் வரவில்லை.

விறகடுப்பில் சோறு இந்த ஞாயிறு. அம்மம்மா தானே பக்கத்தில் இருப்பதாகச் சொல்லிவிட்டா. பாடும் மீனுக்கு அப்பா நிலவு வரட்டும் என்று சொல்லியிருக்கிறார்.

ஒரு சின்னக் கேள்வி. எனக்குப் பஸ்ஸில் சத்தி வரும். செங்கலடிக்குப் போகும்போதே சில நேரம் வரும். நுவரெலியா வரைக்கும் எப்படிப் போவது?


திருக்கோவில் அக்கா:

அதுவும் எனக்குத் தெரிந்த வருத்தம்தான். உங்கள் பஸ் செங்கலடியில் திரும்பி, கரடியனாறு, மகாஓயா, பிபிலை, பதுளை என்று அதே ஏ5 வீதியில் நுவரெலியா வரைக்கும் போகும். மகாஓயா தாண்டும் வரைக்கும் பெரும்பாலும் நேர் றோட்டு, பிரச்சினை இல்லை. பிபிலைக்குப் பிறகுதான் ஏற்றமும் வளைவும். அதனால் முன்பாதியில் தூங்கிவிடாதே, வளைவு தொடங்குகிற இடத்தில் முழித்து எழும்பினால்தான் கூடப் பிரட்டும். முன்பக்க சீற்றைக் கேட்டு வாங்கு, தூரத்து மலையைப் பார், ஃபோனையும் புத்தகத்தையும் பார்க்காதே. போகிற காலையில் பிட்டும் பொரியலும் வேண்டாம், இரண்டு இடியப்பம் காணும், வெறும் வயிற்றோடும் போகாதே. இஞ்சித் துண்டு ஒன்றைத் தோல் சீவி உப்புத் தடவி வாயில் ஒதுக்கிக்கொள். மாத்திரை போடுவதென்றால் மருந்தகத்தில் கேட்டு, புறப்பட அரை மணி நேரம் முன்னமே போட வேண்டும், சத்தி வரத் தொடங்கிய பிறகு போட்டுப் பிரயோசனம் இல்லை. சொப்பிங் பை கையில் இருக்கட்டும், பெரிய பைக்குள் வைத்துவிடாதே.


சாய்ந்தமருது உம்மா:

மகள், ஞாயிற்றுக்கிழமைச் சோறு எப்படி வந்தது என்று எழுதுங்கள். அடிப்பிடித்தால் சட்டியில் தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க ஊற விடுங்கள், சுரண்ட வேண்டாம்.